இரண்டு டீச்சர், ஐந்து வகுப்பு: தொடக்கப் பள்ளி வகுப்பறையை ஜூனுக்கு முன் தயார் செய்வது எப்படி?

ஒரு நாள் சும்மா எண்ணிப் பார்த்தேன். காலை ஒன்பதரையிலிருந்து மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கரும்பலகை ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். மொத்தம் 43. அதில் பாடத்தைப் பற்றியவை பத்துகூட இருக்காது. மற்றதெல்லாம் "டீச்சர், ஷார்ப்னர் எங்க?", "டீச்சர், முடிச்சிட்டேன், நோட்டை எங்க வைக்கணும்?", "டீச்சர், அடுத்து என்ன பண்ண?" இந்த வகைதான். ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்பும் ஒரே அறையில் உட்காரும் பள்ளி எங்களுடையது. ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி 'படம்' என்று வாய்விட்டுச் சொல்லப்போகிற அந்த நொடியில் யாரோ வந்து ஷார்ப்னர் கேட்டால், அந்தப் 'படம்' அன்றைக்குத் திரும்பி வராது.

பிள்ளைகளைத் திட்டிப் பார்த்தேன், ஒரு நாள் அமைதி, மறுநாள் பழைய கதை. அப்புறம்தான் உறைத்தது, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது அறைதான், நான் அறைக்குப் பதிலாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் அறையைக் கலைத்துப் போட்டு அடுக்குகிறேன். அதில் தேறியதையும் தேறாததையும் வரிசையாகச் சொல்கிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது தமிழ்நாட்டு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 2009இன் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான், அதனால் கிராமத்துப் பள்ளிகளில் ஐந்து வகுப்பை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வது சாதாரணம். வகுப்புக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் ஆசிரியர் என்று கொடுத்துவைத்தவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதல் வேலை: எல்லாவற்றையும் வராந்தாவுக்குக் கொண்டுவருவது

இருக்கிற பொருளை அங்கங்கே நகர்த்தி வைத்துவிட்டு அடுக்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பாய், மேசை, டிரங்குப் பெட்டி, பீரோவுக்குள் இருப்பது, பீரோ மேல் இருப்பது, எல்லாம் வெளியே வரட்டும். ஒன்றரை மாதம் பூட்டிக் கிடந்த அறையில் என்ன குடியேறியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஜன்னல் மூலையில் குளவிக் கூடு, அட்டைப்பெட்டிக்குள் எலி, சுவரையொட்டி வைத்த புத்தகக் கட்டில் கரையான். குளவிக் கூட்டை நீங்களே குச்சியால் தட்டாதீர்கள், ஊரில் அதற்கென்று ஒருவர் இருப்பார். எங்கள் பக்கத்தில் பாம்பும் வரும். அதனால் அடுக்கிக் கிடக்கும் பலகையையும் ஓட்டையும் கையால் தூக்குவதற்கு முன் ஒரு கம்பால் தட்டிப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

வெளியே வந்ததை மூன்று குவியலாகப் பிரியுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது தொடுவது, பருவத்துக்கு ஒரு முறை தொடுவது, போன ஆண்டு முழுவதும் தொடாதது. இந்த மூன்றாவது குவியல்தான் எப்போதும் பெரிதாக இருக்கும், அதில் பாதியை எறியவும் முடியாது, ஏனென்றால் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கும். கால் உடைந்த நாற்காலி, உருளாத உலக உருண்டை, எந்தக் காலத்திலோ வந்த ரேடியோ, எல்லாம் கணக்கில் உயிரோடு இருக்கும் ஆட்கள். தலைமையாசிரியரிடம் சொல்லிப் பட்டியல் போட்டு, கழித்துவிட முறைப்படி எழுதிக் கொடுங்கள். அது நடக்கிற வரைக்கும் வகுப்பறைக்கு வெளியே எங்காவது ஒரே இடத்தில் கிடக்கட்டும். பிள்ளைகள் உட்கார வேண்டிய ஆறடி இடத்தை ஒரு செத்த ரேடியோவுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

புத்தகம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் முதல் பருவத்தில் மிஞ்சியது, மூன்றாம் பருவத்தில் மிஞ்சியது என்று கட்டுக்கட்டாகச் சேரும். வகுப்புக்கு இரண்டு பிரதி வைத்துக்கொண்டால் போதும். படம் உள்ள பழைய பக்கங்களை வெட்டி அட்டையில் ஒட்டினால் கதை சொல்லும் அட்டை ஆகிவிடும், கடைக்காரர் விற்கிறதைவிட நன்றாகவே இருக்கும்.

அடுத்து: தரையில் உட்காருங்கள்

இதைச் செய்யாமல் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள். காலி அறையில் பாயை விரித்து, சம்மணம் போட்டு, நான்கு மூலையிலும் ஐந்தைந்து நிமிடம் உட்காருங்கள். காலை பத்து மணிக்கு ஒரு தடவை, மதியம் இரண்டரைக்கு ஒரு தடவை. யாராவது பார்த்தால் டீச்சருக்கு என்னமோ ஆகிவிட்டது என்பார்கள், பரவாயில்லை.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நின்றால் கண் ஏறத்தாழ மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். பாயில் உட்கார்ந்தால் இரண்டு அடிக்கும் கீழே வந்துவிடும். நாம் நின்றுகொண்டு, ஐந்தடி உயரத்தில் நம் கண்ணுக்கு நேராக மாட்டிய எழுத்து அட்டை அந்தப் பிள்ளைக்கு எங்கோ மச்சில் தெரியும். உட்கார்ந்து பார்த்தபோது எனக்குத் தெரிந்த இன்னொன்று, மதியத்துக்கு மேல் மேற்கு ஜன்னல் வெளிச்சம் கரும்பலகையின் வலது பாதியில் பளபளவென்று அடித்து அங்கே எழுதியது எதுவுமே தெரியாது. மூன்று வருடமாக அந்தப் பாதியில்தான் வீட்டுப்பாடம் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலின் கீழ்ப்பாதிக்குப் பழைய வேட்டித் துணியில் ஒரு திரை போட்டதும் அந்தப் பிரச்சினை போனது.

உட்கார்ந்திருக்கும்போது கவனிக்க வேண்டியவை: எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறதா (வலது கைக்காரருக்கு இடப்பக்கத்திலிருந்து), மின்விசிறிக் காற்று எந்த மூலைக்கு வரவில்லை, பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா, ஓதம் ஏறிய சுவர் எது, மழையில் ஒழுகும் இடம் எது. ஒழுகும் இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுவிடுங்கள். பழுது பார்க்கிறவர் வந்து பார்ப்பது வரும்போது வரட்டும், அதுவரைக்கும் அந்த வட்டத்துக்குள் புத்தகம் போகக்கூடாது.

சரி, இப்போது ஒரு தாளில் அறையை வரையுங்கள். ஓரடிக்கு ஒரு கட்டம். எங்கள் அறை 20க்கு 20. சம்மணம் போட்ட ஒரு பிள்ளைக்கு நோட்டோடு சேர்த்து இரண்டடிக்கு இரண்டரை அடி கொடுத்தால் முழங்கை இடிக்காது. 24 பிள்ளைக்கு 120 சதுர அடி. அதாவது 400இல் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி இடமெல்லாம் எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்தால், டீச்சர் மேசைக்கும் பீரோவுக்கும் போயிருக்கும். என் மேசையைக் கதவோர மூலைக்குத் தள்ளிவிட்டேன். உண்மையைச் சொன்னால் பதிவேடு எழுதுவதைத் தவிர அதில் எனக்கு வேலையே இல்லை.

மூன்று இடம்

பல வகுப்பு ஒரே அறையில் என்றால் எந்த நேரத்திலும் மூன்று விதமான வேலை நடக்கும். ஒரு குழு என்னோடு உட்கார்ந்து புதிதாகக் கற்கும். ஒரு குழு எழுதியோ வரைந்தோ பழகும். ஒரு குழு தானாக விளையாட்டாகவோ வாசிப்பாகவோ இருக்கும். அதனால் அறையை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் வேலை வாரியாகப் பிரிப்பது நல்லது. ஒன்றாம் வகுப்பு இடம், இரண்டாம் வகுப்பு இடம் என்று பிரித்தால் நான் நாள் முழுக்க மூன்று இடத்துக்கும் ஓட வேண்டும். வேலைக்கு இடம் ஒதுக்கினால் பிள்ளைகள் நகர்வார்கள், நான் உட்கார்ந்திருப்பேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நகர்வது தேவையும்கூட.

என்னோடு உட்காரும் குழு பெரிய கரும்பலகைக்கு எதிரே. பழகும் குழு கீழ்மட்டக் கரும்பலகை (பிள்ளை உயரத்துக்குச் சுவரில் பூசிய கறுப்புப் பட்டை) உள்ள சுவரோரம். தானாக இருக்கும் குழு அலமாரி, வாசிப்பு மூலை பக்கம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சத்தமாகச் சொல்லும் குழுவும் அமைதியாக எழுதும் குழுவும் ஒரே திசையைப் பார்த்து உட்காரக் கூடாது. முதுகுக்கு முதுகு காட்டி எதிரெதிர்ச் சுவரைப் பார்க்க உட்கார வைத்தால் பாதிச் சத்தம் குறைந்ததுபோல் இருக்கும். குரல் போகிற திசையும் மாறுகிறது, அடுத்தவன் என்ன செய்கிறான் என்று பார்க்கிற கண்ணும் மாறுகிறது.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறோம், வகுப்பறைக்குள் கதைக்களம், பாடல் களம், படைப்புக் களம், படித்தல் களம் என்றெல்லாம் களங்கள் உண்டு. பயிற்சியில் காட்டுகிற படத்தில் ஒவ்வொரு களத்துக்கும் ஒரு மூலை, தோரணம், தலைப்புப் பலகை. நமக்கு இருப்பதே நான்கு மூலை, அதில் ஒன்று பீரோவுக்கு. எனவே களத்தை இடமாக நினைக்காமல் கூடையாக நினைத்துக்கொள்ளுங்கள். பொம்மலாட்டத்துக்கு ஒரு கூடை, படைப்புக்கு ஒரு கூடை. கூடை எங்கே இறங்குகிறதோ அதுதான் அன்றைக்குக் களம். நிலைகளைப் பற்றி இன்னொன்று, அரும்பு என்று எழுதிய பலகையைச் சுவரில் மாட்டி அதன் கீழ் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். யார் எந்த நிலை என்பது என் நோட்டில் இருந்தால் போதும், அதைப் பாயில் எழுதி ஒட்ட வேண்டுமா என்ன.

கதவுக்குப் போகும் வழி மூன்றடி அகலத்துக்கு எப்போதும் காலியாக இருக்கட்டும். பையும் கூடாது, பாய்ச் சுருளும் கூடாது. இரண்டாவது கதவு இருந்தால் அதன் முன் பீரோ நிற்கக் கூடாது, பகலில் அது பூட்டியும் இருக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி நடத்துகிற யாரும் கதவை அடைத்துப் பொருள் வைக்க அதற்குப் பிறகு ஒரு காரணமும் சொல்ல முடியாது.

யார் யார் பக்கத்தில்

2025 ஜூலையில் பள்ளிகளில் 'ப' வடிவத்தில் உட்கார வைப்பது பற்றி ஊரெல்லாம் பேச்சு. கடைசி பெஞ்ச் ஒழியும் என்று ஒரு பக்கம், கழுத்து வலிக்கும் என்று ஒரு பக்கம். பாயில் உட்காரும் தொடக்கப் பள்ளியில் இது அவ்வளவு பெரிய சண்டை இல்லை. கதை சொல்லும்போது அரைவட்டம், எழுதும்போது பலகைக்கு நேராக, குழுவேலைக்கு நால்வர் நால்வராக. பாய்தானே, திருப்பிப் போட்டால் ஆயிற்று. பக்கவாட்டில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிக்கொண்டே பலகையைப் பார்த்து எழுத வேண்டியிருந்தால் மட்டும் கூடாது.

அதைவிட முக்கியமானது யார் பக்கத்தில் யார் என்பது. பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு உட்காரச் சொல்லிவிட்டு ஒரு வாரம் கவனியுங்கள். ஊர்த் தெரு ஒரு பாய், காலனி ஒரு பாய், பெண் பிள்ளைகள் தனிப் பாய் என்று தானாகப் பிரிந்து நிற்கும். ஐந்து வயதுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியாமல் இல்லை. பிரசங்கம் செய்து இதை மாற்ற முடியாது, மாற்றப் போனால் பெற்றோர் வந்து நிற்பார்கள். நான் செய்வது ரொம்பச் சாதாரணமானது. திங்கட்கிழமை காலை ஒரு டப்பாவிலிருந்து ஆளுக்கொரு படச்சீட்டு எடுப்பார்கள், மாங்காய் எடுத்தவர்கள் மாங்காய்ப் பாய், கிளி எடுத்தவர்கள் கிளிப் பாய். அந்த வாரம் முழுக்க அதுதான் இடம். யாராவது வந்து கேட்டால் "சீட்டுக் குலுக்கினோம்" என்று சொல்லிவிடலாம், அதற்கு மேல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கூட்டுவது, தண்ணீர் பிடிப்பது போன்ற வேலையும் அந்தப் பாய்க்குத்தான் வாரா வாரம் மாறி வரும். பெண் பிள்ளைதான் கூட்டுவாள், குறிப்பிட்ட பிள்ளைதான் குப்பை அள்ளும் என்கிற பேச்சே எழாது. கழிப்பறை கழுவும் வேலை எந்தப் பிள்ளைக்கும் கிடையாது, இதைச் சொல்லியா தெரிய வேண்டும் என்றால், ஆமாம், சில இடங்களில் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சீட்டுக்கு விதிவிலக்கு உண்டு. பார்வை மங்கலான பிள்ளை, காது கேட்பதில் குறை உள்ள பிள்ளை, நடக்கச் சிரமப்படும் பிள்ளை, இவர்கள் எந்தப் பாய் எடுத்தாலும் அந்தப் பாய் முன்னால் வரும். பிள்ளையைத் தனியாகப் பிடுங்கி முன்னால் உட்கார வைக்காமல் பாயோடு நகர்த்துங்கள். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியரிடம் அந்தப் பிள்ளைக்கு அறையில் எது இடைஞ்சல் என்று ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது, நமக்குத் தோன்றாததைச் சொல்வார்கள்.

கீழ்மட்டக் கரும்பலகை

என்னைக் கேட்டால் கையில் இருக்கிற காசையெல்லாம் முதலில் இதில் போடலாம். 2007-08இல் செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமே செய்து படிக்கும் முறை) தமிழ்நாடு முழுக்க வந்தபோது ஏணிப்படி, அட்டை, டிரே என்று நிறைய வந்தன, பலதும் போய்விட்டன, ஆனால் சுவரோரம் பிள்ளை உயரத்துக்கு ஓடிய அந்தக் கறுப்புப் பட்டை போன்ற நல்ல யோசனை வேறில்லை. உங்கள் பள்ளியில் அது வெளுத்துக் கிடந்தால் உயிர் கொடுங்கள், சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தால் மறுபடி போடுங்கள்.

தரையிலிருந்து ஓரடி விட்டு, மூன்றரை அடி வரைக்கும். ஓதம் இல்லாத சுவராகப் பாருங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்கு உரிந்து வரும். முதலில் உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாகத் தேயுங்கள், இந்த வேலையில் சோம்பல் பட்டால் சுண்ணக்கட்டி ஒரே மாதத்தில் கரைந்துவிடும். பிரைமர் ஒரு கை, காய்ந்ததும் கரும்பலகைப் பெயின்ட் இரண்டு கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். பெயின்ட் நன்றாகக் காய்ந்தபின் உடனே எழுதிவிடாதீர்கள். சுண்ணக்கட்டியைப் படுக்க வைத்துப் பலகை முழுக்கத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்துவிட்டு அப்புறம் எழுதினால், முதலில் எழுதிய எழுத்து அழியாமல் நிழலாக நிற்காது. அந்தக் காலத்தில் ஊமத்தை இலையும் அடுப்புக் கரியும் அரைத்துப் பூசுவார்கள். இப்போது கரிக்கு எங்கே போவது, பெயின்டுதான்.

காய்ந்ததும் இரண்டடிக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டுப் பங்கு பிரியுங்கள். ஒவ்வொரு பங்குக்கும் மேலே ஒரு எண். ஒரு பங்குக்குள் இரண்டு கோடு நோட்டுப் போல் கோடும், இன்னொரு பங்குக்குள் கட்டமும் பெயின்டிலேயே போட்டுவிட்டால் எழுத்துக்கும் கணக்குக்கும் உதவும். ஒவ்வொரு பங்குக்கும் கீழே ஒரு சின்ன டப்பா, அதில் ஒரு சுண்ணக்கட்டி, ஒரு துணித் துண்டு. பிள்ளை தப்பாக எழுதினால் நோட்டில் சிவப்பு மையில் அடிபடும், இங்கே ஒரு துடைப்பு, போயே போச்சு. எழுதப் பயப்படும் பிள்ளைகள் பலர் முதலில் எழுதத் துணிந்தது இந்தச் சுவரில்தான்.

சுவர்

முதல் வருடம் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். பார்வைக்கு அதிகாரி வருகிறார் என்று கேள்விப்பட்டு, டவுனுக்குப் போய் 31 சார்ட் வாங்கி, லேமினேட் செய்து, சுவரில் ஒரு இடம் பாக்கி இல்லாமல் ஒட்டினேன். பழங்கள், காய்கள், தலைவர்கள், போக்குவரத்து வாகனங்கள். பார்த்தவர் பாராட்டிவிட்டுப் போனார். டிசம்பரில் ஒரு சார்ட் கிழிந்து விழுந்தது. இரண்டு வாரம் கழித்தும் ஒரு பிள்ளைகூட "அந்தப் படம் எங்க டீச்சர்" என்று கேட்கவில்லை. சரி என்று நானே இன்னொன்றைக் கழற்றினேன். அதுவும் யாருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து சுவருக்கு அதுதான் சோதனை. ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு நாளைக்குள் எந்தப் பிள்ளையும் தேடாவிட்டால் அது அங்கே இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தேடுகிற பொருள்கள் என்னென்ன என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். தங்கள் பெயர் இருப்பது எதுவானாலும் தேடுவார்கள். வருகைப் பலகை அப்படி ஒன்று: ஆணியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர் அட்டை, வந்ததும் தானே திருப்பிப் போட வேண்டும். ஒன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தங்கள் பெயரை முதலில் அடையாளம் கண்டது அந்த அட்டையில்தான், ஒரே முதலெழுத்தில் இரண்டு பேர் இருந்தால் எந்தப் பெயர் யாருடையது என்று சண்டை போட்டே வாசிக்கப் பழகிவிடுவார்கள். பிறந்தநாள் பட்டியலைத் தேடுவார்கள். இன்றைய கிழமை, வெயிலா மழையா என்று முள் திருப்பும் வட்டத்தை, யார் திருப்புவது என்பதற்காகவே தேடுவார்கள். தாங்கள் வரைந்த படத்தைத் தேடுவார்கள், வீட்டில் யாரையாவது இழுத்துக்கொண்டு வந்து காட்டுவார்கள்.

எழுத்து அட்டவணையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 247 எழுத்தும் அடங்கிய பெரிய பட்டியலை ஜூன் முதல் தேதியே மாட்டினால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வெறும் எறும்பு வரிசை. காலிச் சட்டத்தை மாட்டுங்கள். எழுத்து கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள ஒவ்வொரு அட்டையாக அதனதன் கட்டத்தில் ஏறட்டும். ட, ப, ம என்று எளிய வடிவத்தில் தொடங்கினாலும் சரி, அ, ஆ என்று தொடங்கினாலும் சரி, அது போய் உட்கார வேண்டிய இடம் சட்டத்தில் காலியாகக் காத்திருக்கும். "இன்னும் எத்தனை கட்டம் இருக்கு டீச்சர்" என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். சட்டத்தின் அடி, நிற்கும் பிள்ளையின் கண்மட்டத்துக்கு வர வேண்டும்.

சுவரில் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாகவே இருக்கட்டும். கண்ணுக்கும் ஓய்வு வேண்டும், ஆகஸ்டில் ஒட்டவும் ஏதாவது இடம் வேண்டும். திறன்மிகு வகுப்பறை (ஸ்மார்ட் கிளாஸ்) திரை வந்திருந்தால் அது ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் வேண்டாம், வெளிச்சம் பட்டு ஒன்றும் தெரியாது. ஆனால் இதை முடிவு செய்கிறவர் பெரும்பாலும் டிரில்லோடு வருகிறவர்தான். அவர் வருகிற அன்று லீவு போடாதீர்கள்.

அலமாரியும் டப்பாக்களும்

நிறையப் பள்ளிகளில் சுவருக்குள் கடப்பாக்கல் தட்டு வைத்த அலமாரி இருக்கும். கீழ் இரண்டு தட்டு பிள்ளைகளுக்கு, மேல் தட்டுகள் எனக்கு. இந்த எல்லையில் சமரசமே கிடையாது. கீழ்த் தட்டில் இருப்பதை யாரையும் கேட்காமல் எடுக்கலாம், மேல் தட்டில் இருப்பதைக் கேட்டாலும் கிடைக்காது.

கணித உபகரணப் பெட்டி வந்தால் பல பள்ளிகளில் நேரே பீரோவுக்குள் போய்விடும். தொலைந்தால் யார் பதில் சொல்வது என்கிற பயம், புரிகிறது. ஆனால் பீரோவுக்கு மணிச்சட்டம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? இருப்பில் ஏறிய பெட்டியிலிருந்து ஒரு செட்டை மட்டும் வெளியே எடுங்கள், மற்றது உள்ளே இருக்கட்டும். தொலைந்தால் தொலைகிற மாதிரிப் பொருளை நாமே சேர்த்துக்கொள்ளலாம். ஈர்க்குச்சியைச் சமமாக வெட்டிப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டால் ஒன்று, பத்து, நூறு சொல்லித்தர அதைவிட நல்ல சாமான் கிடையாது. சோழி, தாயக்கட்டை, பல்லாங்குழி ஊரிலேயே கிடைக்கும். புளியங்கொட்டையை மட்டும் இரண்டாம் வகுப்புக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பில் ஒருத்தி மூக்குக்குள் போட்டுக்கொண்டு, பைக்கில் வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

பொருள் வைக்க ஐஸ்கிரீம் டப்பா போதும், கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். டப்பாவின் மேல் பெயர் எழுதினால் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பயன் இல்லை, அதனால் உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்து மூடியில் ஒட்டிவிடுங்கள். சோழி டப்பா மேல் ஒரு சோழி, பக்கத்தில் 'சோழி' என்று பெரிதாக எழுத்து. தட்டின் மேல் டப்பா உட்காரும் இடத்தில் அதே அளவுக்கு ஒரு வட்டம் வரைந்து அதே பெயரை எழுதுங்கள். எடுத்தது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அந்த வட்டமே சொல்லும். சாயங்காலம் மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு காலி வட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது அந்த வாரப் பாய்க்காரர்கள் வேலை. ஒரு டப்பாவுக்கு இருபது பொருள் என்றால் இருபதுதான், மூடிக்குள் எண்ணிக்கை எழுதியிருக்கும். எண்ணிப் பார்ப்பதே ஒன்றாம் வகுப்புக்கு ஒரு கணக்கு ஆகிவிட்டது.

முடித்த நோட்டு வைக்க ஒரு கூடை, திருத்திய நோட்டு வைக்க வேறு நிறத்தில் ஒரு கூடை. முடித்தவர் அடுத்து என்ன செய்யலாம் என்பதற்குச் சுவரில் நான்கே நான்கு படம்: புத்தகம், சுவர்ப் பலகை, பசைமண், தாயம். "அடுத்து என்ன பண்ண" என்று வருகிறவருக்கு நான் வாய் திறப்பதில்லை, விரலைச் சுவர்ப்பக்கம் காட்டுவேன். இரண்டு வாரத்தில் விரலும் தேவைப்படவில்லை.

புத்தகம்

அடுக்கி வைத்தால் முதுகுதான் தெரியும், தொடக்கப் பள்ளிப் புத்தகத்துக்கு முதுகே கிடையாது, அவ்வளவு மெலிசு. சுவர் நெடுகத் தரையிலிருந்து இரண்டடியில் ஒன்று, மூன்றடியில் ஒன்று என்று நைலான் கயிறு கட்டி, அட்டை முன்னால் தெரியும்படி துணி கிளிப்பில் தொங்கவிடுங்கள். ஒரு நேரத்தில் முப்பது போதும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை பாதியை மாற்றுங்கள், பழையதே ஒரு மாதம் கழித்து வந்தால் புதிதாகத்தான் தெரியும். கீழே ஒரு ஜமக்காளம், தலையணை ஒன்று இருந்தால் ரொம்ப நல்லது. எடுத்துப் போகிற கணக்கை மூன்றாம் வகுப்புப் பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். கிழியும். கிழிந்த புத்தகத்துக்கு ஒரு கூடை, ஒட்ட ஒரு டேப், வெள்ளிக்கிழமை மதியம் புத்தக ஆஸ்பத்திரி. கிழியாமலே இருக்கிற புத்தகம் யாரும் தொடாத புத்தகம்.

வாசல், தண்ணீர், தட்டு

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செருப்புக்கு வராந்தாவில் பெயின்டால் ஜோடிக் கால் அச்சுகள் வரைந்துவிட்டால் வரிசை தானாக வரும். பைக்கு ஜன்னல் கம்பியில் கொக்கி, மழைச் சாரல் அடிக்காத ஜன்னலாகப் பார்த்து. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த பிறகு தட்டு ஒரு நாளைக்கு இரண்டு தடவை கழுவப்படுகிறது, அதனால் ஈரத் தட்டைக் கவிழ்த்து வைக்கக் கம்பி ஸ்டாண்டு வெளியே இருக்கட்டும், பைக்குள் போனால் நோட்டெல்லாம் நனைந்து நாறும். குடத்தில் தண்ணீர் என்றால் நீளக் கைப்பிடி உள்ள மொள்ளும் கரண்டி, டம்ளரை உள்ளே முக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க அனுமதி கேட்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கதவோரம் ஒரு சின்னக் கண்ணாடி, பிள்ளை உயரத்தில். யாரும் சொல்லாமலே முகம் கழுவிக்கொண்டு வருவார்கள்.

காசு

30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு அரசு தரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை என்றால் 25,000 வரை என்பது விதிமுறை. அதில் பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும், மின்சாமான், பதிவேடு என்று மற்றதும் அதிலேயே. ஆகவே சுவர்ப் பலகைப் பெயின்ட், பாய் இரண்டையும் பட்டியலில் முதலில் எழுதி, பெற்றோர் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டுவிடுங்கள். மற்றவற்றுக்குக் காசு தேவைப்படாது. குழுவில் பெயின்டர் ஒருவர், தையற்காரர் ஒருவர் கண்டிப்பாக இருப்பார்கள். "சார்ட் வாங்கித் தாங்க" என்று கேட்டால் யோசிப்பார்கள், "ஞாயித்துக்கிழமை ஒரு அரை நாள் வாங்கண்ணே" என்றால் வந்துவிடுவார்கள். திரை தைத்துக் கொடுத்த அக்கா கூலி வாங்கவில்லை, எங்கள் பள்ளித் திரையில் அவர் பிள்ளை பெயர் மூலையில் பூவேலையில் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம்

அறையை அடுக்கிவிட்டால் வேலை முடியவில்லை, அறையைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். முதல் நாளே எல்லா டப்பாவையும் திறந்து வைத்தால் திருவிழாக் கடை மாதிரி ஆகிவிடும். முதல் நாள் அலமாரியில் மூன்றே டப்பா. எப்படி எடுப்பது, எப்படி வைப்பது என்று நான் வாய் திறக்காமல் செய்துகாட்டுவேன், ஒரு பிள்ளை செய்யும், மற்றவர்கள் பார்ப்பார்கள். அது படிந்த பிறகு அடுத்த மூன்று. கூடை எங்கே, பாயைச் சுருட்டுவது எப்படி, முதுகுக்கு முதுகு உட்காருவது எப்படி, கைதட்டினால் என்ன, மணி அடித்தால் என்ன, இதெல்லாம் அந்த இரண்டு வாரத்தில் பாடம்தான். பாடம் பின்தங்குமே என்று பதற வேண்டாம். சட்டப்படி ஆண்டுக்கு 200 நாள் இருக்கிறது, அதில் பத்து நாளை இதற்குக் கொடுத்தால் ஜூலையிலேயே வட்டியோடு திரும்பி வரும்.

ஜூலை நடுவில் ஒரு நாள் மறுபடி பலகை ஓரத்தில் கோடு போட்டு எண்ணுங்கள். எந்தக் கேள்வி அதிகம் வருகிறதோ அங்கே அறையில் ஏதோ சரியில்லை. தண்ணீருக்கு நிறையக் கோடு விழுந்தால் குடம் தப்பான இடத்தில் இருக்கிறது. "எனக்கு இடம் இல்லை" என்று நிறைய வந்தால் பாய் போதவில்லை.

இந்த ஆண்டு எண்ணியபோது எனக்கு 17 வந்தது. அதில் ஆறு ஷார்ப்னர். நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டேன், நூலை அறுத்துக்கொண்டு போனார்கள். சங்கிலியில் கட்டினேன், ஷார்ப்னரின் பிளேடு மட்டும் போனது. இப்போது என் மேசை மேல் ஒன்று திருகி மாட்டியிருக்கிறேன், அதற்கு முன் எப்போது பார்த்தாலும் நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் கையிலாவது நன்றாகச் சீவிய பென்சில் இருக்கிறது.